மூத்தோருக்கான குறுகிய காலக் குத்தகை வீடுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிள்ளைகள் தனிக்குடித்தனம் சென்ற பின் சிறிய வீட்டுக்குக் குடிபெயர எண்ணும் சிங்கப்பூர் மூத்தோர், அரசாங்க வீடுகளைக் கட்டி விற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) திட்டங்களைப் பற்றிக் கேட்டிருந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 68, என் மனைவிக்கு 63. ஈசூனில் உள்ள நான்கறை வீட்டை விற்றுவிட்டு ஈரறை ஃபிளெக்சி வீடு (குத்தகைக் காலத்தை நாமே தேர்ந்தெடுக்கும் சிறிய வீவக வீடு) வாங்க எண்ணுகிறோம். எத்தனை ஆண்டுக் குத்தகை எடுக்க வேண்டும்?

பதில்: 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இவ்வகை வீட்டை 15 முதல் 45 ஆண்டுகள் வரை, ஐந்தைந்து ஆண்டுகளாகக் கூட்டிக் குத்தகைக்கு எடுக்கலாம். ஆனால் கணவன், மனைவி இருவரில் இளையவருக்கு 95 வயதாகும் வரையிலாவது குத்தகை நீடிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் மனைவிக்கு இன்னும் 32 ஆண்டுகள் தேவைப்படுவதால், நீங்கள் 35 ஆண்டுக்குக் குறையாமல் எடுத்தாக வேண்டும். அதற்கு மேலும் நீட்டிப்பது உங்கள் விருப்பம். நான் பரிந்துரைக்க மாட்டேன். கூடுதல் ஆண்டுகளுக்குக் கொடுக்கும் பணம் கையிலோ, ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியிலோ இருந்தால் மாதச் செலவுக்கு உதவும். இப்படிக் குறுகிய காலக் குத்தகைக்கு எடுக்கும் வீட்டுக்கு வீட்டுக்கடன் கிடையாது என்பதையும், சாவி பெற்ற ஆறு மாதங்களுக்குள் பழைய வீட்டை விற்றுவிட வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: அந்த வீட்டைப் பின்னர் மகளுக்கு எழுதி வைக்கவோ, ஓர் அறையை வாடகைக்கு விடவோ முடியுமா?

பதில்: முடியாது. இதை வெளிச்சந்தையில் விற்கவும் இயலாது. இடையில் வேண்டாம் என்று முடிவெடுத்தாலோ உரிமையாளர் காலமானாலோ, வீடு வீவகவிடம் திரும்பிச் சென்று, மீதமுள்ள குத்தகையின் மதிப்பு பணமாகக் கிடைக்கும். மகளுக்குச் சொத்து விட்டுச் செல்வதுதான் உங்கள் முதல் நோக்கம் என்றால், இந்தத் திட்டம் உங்களுக்கு உரியதன்று. இதைக் குடும்பத்தாரிடம் முன்னதாகவே பேசி முடித்துவிடுவது நல்லது; கையெழுத்திட்ட பிறகு எழும் மனத்தாங்கல்களுக்கு மருந்து கிடையாது.

கேள்வி: 71 வயதில் தனியாக வசிக்கிறேன். சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீட்டில் சேவைக் கட்டணம் கட்டாயம் என்கிறார்கள். அது வீண்செலவா?

பதில்: அம்மா, இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான இவ்வகை வீடுகள் முதன்முதலாக 2021 பிப்ரவரியில் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்தன. ஒவ்வொன்றும் சுமார் 32 சதுர மீட்டர். குத்தகை 15 முதல் 35 ஆண்டுகள். அப்போது வீட்டு விலை ஏறத்தாழ 40,000 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) தொடங்கி 65,000 வரை இருந்தது. கட்டாயச் சேவைத் தொகுப்பு, குத்தகைக் காலத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 22,000 முதல் 52,000 வெள்ளி வரை ஆனது. தொகுப்பை முழுவதும் முன்கூட்டியோ, ஒரு பகுதியை மாதந்தோறுமோ செலுத்தலாம். அந்தப் பணத்துக்கு 24 மணி நேர அவசர உதவி, அடிப்படை உடல்நலப் பரிசோதனை, வீட்டில் எழும் சிறு பழுதுகளைச் சரிசெய்தல், குடியிருப்போருக்கான நடவடிக்கைகள் ஆகியவை கிடைக்கின்றன. கட்டடத்திலேயே நிர்வாகி ஒருவரும் இருக்கிறார். சலவை, துப்புரவு, உணவு விநியோகம் ஆகியவற்றுக்குத் தனிக்கட்டணம்.

நீங்கள் தனியாக இருப்பதால், குளியலறையில் விழுந்தால் யார் வருவார் என்ற கேள்விக்கு இப்போது உங்களிடம் உறுதியான விடை உண்டா என்று பாருங்கள். அடுத்த மாடியிலேயே மகன் குடியிருந்தால் ஈரறை ஃபிளெக்சி வீடு போதும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் இதை வீண்செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: வீட்டுடன் தூண்டல் (இண்டக்ஷன்) அடுப்பு பொருத்தித் தருவார்களாமே? நம் சமையலுக்குச் சரிவருமா?

பதில்: குறுகிய காலக் குத்தகை வீட்டை வாங்குவோர், விரும்பினால் அலமாரி, விளக்குகள், சன்னல் கம்பிகள், நீர் சூடேற்றி ஆகியவற்றுடன் இந்த அடுப்பையும் பொருத்தித் தரச் சொல்லலாம். தீயின்றிச் சமைப்பதால் முதியவர்களுக்குப் பாதுகாப்பானது. ஆனால் அலுமினிய குக்கரும் மண்சட்டியும் இதில் சூடாகா. அடிப்பக்கம் தட்டையான இரும்புத் தோசைக்கல் சூடாகும். காந்தம் ஒட்டுகிற பாத்திரங்களை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கம்போங் அட்மிரல்ட்டியைப் போன்ற இடத்துக்காகக் காத்திருக்கலாமா?

பதில்: 2018-இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், பாலர் பராமரிப்பு, மூத்தோர் பராமரிப்பு எல்லாம் இருக்கின்றன, ரயில் நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மூத்தோருக்கான வீடுகள் 104 மட்டுமே. அதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட, உங்கள் சந்தையும் கோயிலும் பழகிய மருத்துவரும் இருக்கும் வட்டாரத்தில் வீடு விற்பனைக்கு வரும்போது விண்ணப்பியுங்கள். எழுபது வயதுக்கு மேல் புது வட்டாரத்தில் அறிமுகங்களைத் தேடிக்கொள்வது எளிதன்று.

கேள்வி: 95 வயதைத் தாண்டியும் வாழ்ந்தால் தெருவில் நிற்க வேண்டுமா?

பதில்: இல்லை. குத்தகை முடிந்த பிறகும் வாழ்வோருக்கு, அவரவர் சூழ்நிலைக்கேற்பத் தங்குமிட ஏற்பாடு செய்வதாக வீவக உறுதியளித்திருக்கிறது.

கேள்வி: குடிபெயரவே மனமில்லை. ஆனால் கையில் பணமும் இல்லை.

பதில்: அப்படியானால் 2009-இல் தொடங்கிய குத்தகைத் திரும்பப்பெறும் திட்டத்தைப் பாருங்கள். 65 வயதானவர்கள் தங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, குத்தகையின் கடைசி ஆண்டுகளை வீவகவிடம் விற்கலாம். 2019 முதல் ஐந்தறை, அதைவிடப் பெரிய வீடுகளுக்கும் இது பொருந்தும். குறைந்தது 20 ஆண்டுகளாவது விற்க மீதமிருக்க வேண்டும். தொகையில் ஒரு பங்கு உங்கள் மத்திய சேம நிதி ஓய்வுக்காலக் கணக்கில் சேர்ந்து மாத வருமானமாகத் திரும்பும். அதனுடன், குளியலறையில் கைப்பிடிகள் பொருத்துவதற்கும் தரையை வழுக்காமல் செய்வதற்கும் அரசாங்கம் பெரும்பகுதிச் செலவை ஏற்கும் தனித்திட்டம் இருக்கிறது. முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். குத்தகையை விற்பதைக் குடும்பத்துடன் பேசிய பிறகு முடிவெடுக்கலாம்.