திருநம்பிக்கும் கரு தங்கும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கருத்தடை, கருக்கலைப்பு ஆலோசகராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்க்கிறேன். "இனப்பெருக்க உரிமை பேசும் இடத்தில் திருநர்களுக்கு என்ன வேலை?" என்று ஒருவர் கேட்டார். (பிறந்தபோது பதிந்த பாலினத்தோடு பொருந்தாத திருநம்பி, திருநங்கை போன்றவர்களைத்தான் திருநர் என்கிறோம்.) அதைத் தொடர்ந்து கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கோபமாகக் கேட்டவர்களையும் விடவில்லை, அவர்களுக்குத்தான் நிறைய எழுதியிருக்கிறேன்.

அக்கா, எனக்கு அடிப்படையே புரியவில்லை. ஆண் என்று சொல்கிறவர் எப்படிக் கர்ப்பமாவார்?

பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து வாழ்கிறவர் திருநம்பி. எல்லாத் திருநம்பிகளும் கருப்பையை எடுத்துவிடுவதில்லை. சிலரிடம் அதற்குப் பணமில்லை, சிலருக்கு உடல்நிலை இடம் கொடுப்பதில்லை, சிலருக்கு அது தேவையாகவே படுவதில்லை. கருப்பையும் சினைப்பையும் இருக்கும்வரை கரு தங்க வாய்ப்பு உண்டு. விரும்பிப் பிள்ளை பெற்ற திருநம்பிகள் இருக்கிறார்கள். எதிர்பாராமல் கருவுற்றவர்களும், வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றவர்களும் இருக்கிறார்கள். ஆணாகவோ பெண்ணாகவோ தன்னை உணராதவர்களுக்கும், ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறந்த இடைபாலினர் சிலருக்கும் இது பொருந்தும்.

நான் பெண்கள் அமைப்பில் நெடுங்காலம் இருப்பவள். கோபத்தோடுதான் கேட்கிறேன். கருக்கலைப்பு உரிமைக்காகச் சிறைக்குப் போனது பெண்கள், செத்தது பெண்கள். இப்போது துண்டறிக்கையில் "கருப்பை உள்ளவர்கள்" என்று போடுகிறார்கள். எங்களை ஓர் உறுப்பாகச் சுருக்குவதுதான் முன்னேற்றமா?

தோழர், உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. அந்தச் சொல் எனக்கும் பிடிக்காது. புற்றுநோய்க்காகக் கருப்பையை எடுத்துவிட்ட பெண் அதைப் படித்தால் என்ன நினைப்பார்? திருநம்பிகள் பலருக்கும் அது வலிக்கிறது. தன் உடலில் எதை நினைக்காமல் இருக்கப் பாடுபடுகிறாரோ, அதையே சொல்லி அவரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

உங்கள் பயத்துக்கு வரலாற்றிலும் ஆதாரம் இருக்கிறது. 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கெடுல்டிக் எதிர் ஐயெல்லோ என்றொரு வழக்கு. உடல்நிலையால் வேலைக்குப் போக முடியாதவர்களுக்காகக் கலிபோர்னியா மாநிலம் நடத்திய காப்பீடு, இயல்பான கர்ப்பத்துக்குப் பணம் தராது. அது பெண்களுக்கு எதிரான பாகுபாடு இல்லை என்று தீர்ப்பு வந்தது. என்ன காரணம் சொன்னார்கள் தெரியுமா? திட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லையாம். கர்ப்பிணிப் பெண்கள் ஒரு பக்கம், கர்ப்பமாக இல்லாத நபர்கள் மறுபக்கம் என்றுதான் பிரிக்கிறதாம், அந்த மறுபக்கத்தில் பெண்களும் இருக்கிறார்களாம். வேலையிடங்களிலாவது இதைச் சரிசெய்ய 1978-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. கர்ப்பத்தைப் பெண்ணிடமிருந்து பிரித்துப் பேசினால் அடி யார்மேல் விழும் என்று நீங்கள் யோசிப்பது நியாயம்தான்.

ஆனால் அந்தத் தீர்ப்பு அப்புறம் எங்கெல்லாம் போனது என்று பாருங்கள். 2022-ல் டாப்ஸ் என்ற வழக்கில் அதே நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்தபோது அதே 1974 தீர்ப்பை மேற்கோள் காட்டினார்கள். 2025-ல் ஸ்கிர்மெட்டி வழக்கு. 18 வயதுக்குட்பட்ட திருநர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை தரக்கூடாது என்ற டென்னசி மாநிலச் சட்டம் செல்லும் என்றார்கள். அங்கேயும் அதே தீர்ப்பைத்தான் எடுத்துப் போட்டார்கள். உங்கள்மேல் வீசிய ஆயுதத்தைத்தான் திருநர்கள்மேலும் வீசியிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு, இது இரண்டு தரப்பின் சண்டை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சரி, என்ன எழுதுவது? "பெண்" என்ற சொல்லை எடுக்காதீர்கள், பக்கத்தில் இன்னொன்றைச் சேருங்கள். அர்ஜென்டினா 2020 டிசம்பரில் கருக்கலைப்பைச் சட்டமாக்கியபோது, பெண்களும் கருவுறக்கூடிய பிற பாலின அடையாளத்தினரும் என்றுதான் எழுதினார்கள். அந்தச் சட்டத்துக்காகப் பச்சைத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தெருவை நிறைத்த பெண்கள் அதில் காணாமல் போகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதலிலும் பெண்கள், சிறுமிகள் என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன, கருவுறும் மற்றவர்களும் கூடவே வருகிறார்கள்.

நமக்கு இது இன்னும் எளிது. "கர்ப்பிணி" என்றால் மனதில் பெண் வருகிறார். "கருவுற்றவர்" என்றால் அந்த "அவர்" எல்லோரையும் மரியாதையோடு சேர்த்துக்கொள்கிறது. பெண் கரு என்று தெரிந்து கலைப்பதைப் பற்றிப் பேசும்போது "பெண்" என்று உரக்கவே சொல்லுங்கள், அங்கே மழுப்பக் கூடாது. யாரைச் சொல்கிறோமோ அவர்களைச் சொன்னால் போதும்.

பெயர் வேண்டாம். நான் திருநம்பி. ஒன்றரை வருடமாக டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போடுகிறேன். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆகிறது. இனிக் கருத்தடை தேவையில்லை என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

இல்லை தம்பி. இதை நம்பி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து இல்லை. மாதவிடாய் நிற்பது ஒன்று, கருமுட்டை வெளிவருவது இன்னொன்று. ரத்தப்போக்கே இல்லாத மாதத்திலும் முட்டை வெளிவரலாம். இதில் இன்னொரு சிக்கல், "நாள் தள்ளிப்போகிறது" என்ற எச்சரிக்கை மணி உங்களுக்கு அடிக்காது. குமட்டலையும் சோர்வையும் வேறு எதற்கோ என்று எடுத்துக்கொண்டு வாரங்கள் ஓடிவிடும். கருக்கலைப்புக்கு வாரக் கணக்கு முக்கியம் என்பதால் அந்தத் தாமதம்தான் பலரைச் சிக்க வைக்கிறது. கரு தங்கக்கூடிய உறவில் இருந்தால், சந்தேகம் வந்த அன்றே சோதனை செய்துவிடுங்கள். கரு வளரும்போது டெஸ்டோஸ்டிரோன் தொடர்வது கருவைப் பாதிக்கும், அதனால் பெற்றுக்கொள்ள முடிவு செய்தால் ஊசியை நிறுத்தியாக வேண்டும், மருத்துவரிடம் பேசிவிட்டு.

உங்களுக்கு வழிகள் நிறைய. ஆணுறை இருக்கிறது. காப்பர்-டி போடலாம், அதில் ஹார்மோனே இல்லை. புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள கருப்பை வளையம், கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி, மூன்று மாத ஊசி எல்லாமே டெஸ்டோஸ்டிரோனோடு ஒத்துப்போகும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத்தான் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வார்கள். அவசரக் கருத்தடை மாத்திரையும் எடுக்கலாம். கருக்கலைப்பு மாத்திரை தேவைப்பட்டால், டெஸ்டோஸ்டிரோன் எடுப்பது மட்டுமே அதற்குத் தடையாகாது.

காப்பர்-டி போடும்போது காலை விரித்துப் படுக்கவேண்டிய அந்தச் சில நிமிடங்கள் பலருக்குத் தாங்க முடியாதவை. அதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லுங்கள். நம்பிக்கையான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளவும், வலி மருந்து கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

திருநங்கைகளுக்குக் கருப்பையே கிடையாது. அவர்களை ஏன் இதில் இழுக்கிறீர்கள்?

இனப்பெருக்க உரிமை என்றால் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் உரிமை மட்டும் என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அதில் சேர்ந்ததுதான்.

சுவீடனை எடுத்துக்கொள்வோம். அரசு ஆவணங்களில் பாலினத்தை மாற்றிக்கொள்ள வழிசெய்து 1972-ல் சட்டம் போட்டார்கள், உலகிலேயே முன்னோடி அது. ஆனால் மாற்ற வேண்டுமென்றால் மலடாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்க வேண்டும். 2013 வரை அப்படித்தான் இருந்தது. 2018-ல்தான் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 2,25,000 குரோனர் இழப்பீடு தர முடிவெடுத்தார்கள். அதே நாடு 1930-களிலிருந்து 1970-கள் வரை "தகுதியற்றவர்கள்" என்று முத்திரை குத்தி ஏழைகளையும் மனநலம் குன்றியவர்களையும் மலடாக்கியிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

ஜப்பானில் இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. "தரமற்ற" பிள்ளைகள் பிறக்கக் கூடாது என்று 1948-ல் வந்த இனமேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் சுமார் 25,000 பேர் மலடாக்கப்பட்டார்கள், பலர் கட்டாயத்தின் பேரில். 1996-ல் அந்த விதிகளை நீக்கினார்கள். ஏழே ஆண்டுகள் கழித்து, 2003-ல், பாலின மாற்றச் சட்டம் வந்தது. பிள்ளை பெறும் திறன் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு! 2023 அக்டோபர் 25 அன்று அந்த நிபந்தனை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் அறிவித்தது, 15 நீதிபதிகளும் ஒருமனதாக. மறு ஆண்டு ஜூலையில் அந்தப் பழைய 1948 சட்டத்தையும் சாசன விரோதம் என்றது.

ஓர் அட்டையில் எழுத்தை மாற்றுவதற்காகக் கருப்பையையோ விதையையோ கொடுத்துவிட்டு வா என்று அரசு கேட்கிறது. கருவைச் சுமந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் அரசும் அதே உடல்மேல்தான் கை வைக்கிறது. திருநங்கைகளை நான் இதில் இழுக்கவில்லை. அவர்கள் இந்த வழக்குகளில் ஏற்கெனவே இருந்தவர்கள்.

எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? இவ்வளவு பேச்சு தேவையா?

குறைவான பேர்தான். படிவத்தில் ஒரு வரி மாற்றினால் போதும் என்கிற அளவுக்குக் குறைவு.

அடையாள அட்டையில் ஆண் என்று இருந்தால் கருக்கலைப்பை மறுக்க முடியுமா?

நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவைப் பற்றிச் சொல்கிறேன். 1971-ன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் "பெண்" என்றுதான் இருக்கிறது. ஆனால் 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், திருமணமாகாத ஒரு பெண்ணின் வழக்கில் தீர்ப்பு சொல்லும்போது, "பெண்" என்ற சொல்லில் பாதுகாப்பான கருக்கலைப்பு தேவைப்படும் மற்ற பாலின அடையாளத்தினரும் அடங்குவர் என்று குறிப்பிட்டது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை, குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்பது போன்றவற்றை, மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. 18 வயது முடிந்தவருக்கு அவருடைய சம்மதம் போதும். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். கேட்டவுடன் பேச்சு மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் பிள்ளைக்கு 17 வயது. ஹார்மோன் சிகிச்சை தொடங்க வேண்டும் என்கிறாள், அவள் திருநங்கை. பேரக்குழந்தை கனவை நான் விட்டுவிட வேண்டுமா?

அம்மா, "அவள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் மனது நிறைந்தது.

ஈஸ்ட்ரோஜனும் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்தும் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். நிறுத்தினால் சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதனால் சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணுவை உறைய வைப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பருவமாற்றம் தொடங்கும்போதே அதைத் தடுக்கும் மருந்து எடுத்து நேராக ஹார்மோனுக்குப் போகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடும். உங்கள் மகளுக்குப் பெரும்பாலும் இன்னும் நேரம் இருக்கிறது.

ஆனால் பேரக்குழந்தை உங்கள் கனவு. முடிவு அவளுடையதாக இருக்கட்டும். பிள்ளை வேண்டாம் என்று அவள் சொன்னால், இன்னொரு முறை நிதானமாகக் கேளுங்கள், மூன்றாவது முறை கேட்காதீர்கள்.

பெற்றெடுத்தவர் ஆண் என்றால் பிறப்புச் சான்றிதழில் அவர் அம்மாவா, அப்பாவா?

நீதிமன்றங்களே வேறுவேறு விதமாகச் சொல்லியிருக்கின்றன. சட்டப்படி ஆணான ஒருவர் பெற்ற பிள்ளைக்கு அவரை "தாய்" என்றே பதிய வேண்டும் என்று 2020-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2025-ல் கேரள உயர் நீதிமன்றம், ஒரு திருநம்பி-திருநங்கை இணையரின் பிள்ளைக்கு, தாய் தந்தை என்று பிரிக்காமல் இருவரையும் "பெற்றோர்" என்று பதியச் சொன்னது. இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பள்ளியில் சேர்க்கும்போது அந்தப் பிள்ளை யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

நான் செவிலியர் படிப்பு மாணவி. என்ன செய்தால் இவர்களுக்கு உதவியாக இருக்கும்?

ஒரு காட்சியைச் சொல்கிறேன், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். மகப்பேறு பிரிவின் வாசலில் வரிசை. முப்பது வயதுத் திருநம்பி ஒருவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் கவரில் பெயர் எழுதிய பக்கத்தை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்திருந்தார். பணியாளர் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அவர் மெல்ல எழுந்தபோது, "சார், உங்க மனைவியை அனுப்புங்க" என்றார். வரிசையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. அவர் வாசலைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் ஓடிப்போய்ப் படிக்கட்டில் பிடித்தேன். அப்போது அவருக்குப் பதினோரு வாரம். அன்று நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் எப்போது திரும்பி வந்திருப்பார் என்பது எனக்குத் தெரியாது.

அதனால் பெயரைக் கூப்பிடாதீர்கள், எண்ணைக் கூப்பிடுங்கள். எல்லா நோயாளிகளுக்கும் அப்படியே செய்யுங்கள், பெண்களுக்கும் அது நல்லது. "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று தனியாகக் கேளுங்கள். படிவத்தில் "கணவர் பெயர்" இருக்கும் இடத்தில் "துணைக்கு வந்தவர்" என்று மாற்றச் சொல்லிப் பாருங்கள். கைம்பெண்ணும் தனியாக வந்த மாணவியும்கூட அந்தக் கட்டத்துக்கு முன்னால்தான் பேனாவைப் பிடித்தபடி தயங்குகிறார்கள். சிகிச்சைக்குத் தேவையில்லாத எதையும் கேட்காதீர்கள், ஆர்வத்துக்காகக் கேட்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

திருநம்பிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவையா?

கருப்பை வாய் இருந்தால் தேவை, மற்றவர்களுக்குச் சொல்லும் அதே இடைவெளியில். ஆவணத்தில் ஆண் என்று மாறியவுடன் சில நாடுகளில் நினைவூட்டல் கடிதம் வருவது தானாக நின்றுவிடுகிறது, அதனால் நாள் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவர்களுக்குத் திசு மெலிவதால் பாப் பரிசோதனைக்காகக் கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்கள் போதவில்லை என்று திரும்ப வருவது அதிகம். அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, பயப்படாதீர்கள். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. என்ற வைரஸைத் தேடும் பரிசோதனைக்கு மாதிரியைத் தானே எடுத்துக் கொடுக்கும் முறை இப்போது இருக்கிறது. பஞ்சு சுற்றிய சிறு குச்சி, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அது கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.