கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: அண்ணாச்சி எந்த வழியாக மூடினார்?

கேள்வி: ஐயா, அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலைக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் நெல் வரவுக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஃபார்மில் 'சேமித்து மூடு', 'வேண்டாம், மூடு' என்று இரண்டு பொத்தான்கள். கணக்குப் பார்க்கும் அண்ணாச்சி இரண்டையும் தொடுவதில்லை. மூலையில் இருக்கிற எக்ஸைத்தான் அமுக்குகிறார். பாதி அடித்த சீட்டும் டேபிளில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அவர் எப்படி மூடினார் என்று புரோகிராமால் கண்டுபிடிக்க முடியுமா? எக்ஸலில் ஃபார்ம் மூடும்போது எப்படி மூடுகிறது என்று சொல்லும் குவரிக்ளோஸ் இருந்தது, இங்கே காணோம்.
– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தேடாதீர்கள் தம்பி, ஆக்சஸ் ஃபார்முக்கு அது கிடையாது. எக்ஸலின் யூசர்ஃபார்மில் எக்ஸை அமுக்கினால் க்ளோஸ்மோட் 0 என்று வரும். உங்கள் கோடே மூடினால் 1. டாட் நெட்டில் க்ளோஸ்ரீசன் பெயரோடு சொல்லிவிடும். ஃபார்ம் மூடப்போகும்போது ஓடுகிற ஆக்சஸின் அன்லோட் நிகழ்வு, மூடுவதைத் தடுக்கும் கேன்சல் என்ற ஒன்றை மட்டும் கையில் கொடுக்கும். மூடுவது யார் என்று சொல்லாது.

ஆகவே நீங்களே குறித்துவைக்க வேண்டும். ஃபார்ம் மாட்யூலின் (ஃபார்முக்கான கோடு இருக்கும் இடம்) தலையில் ஒரு பூலியன், அதாவது ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் வைக்கிற மாறி. இரண்டு பொத்தான்களும் மூடுவதற்கு முன் அதை ட்ரூ ஆக்கட்டும். அன்லோடில் பார்க்கும்போது ஃபால்ஸாகவே இருந்தால், உங்கள் பொத்தான் வழியாக அவர் வரவில்லை. எக்ஸா, கன்ட்ரோல் எஃப் 4-ஆ, ஆக்சஸையே மூடினாரா என்பது தெரியாது. தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏனென்றால் உங்கள் சிக்கல் மூடுகிற வழியில் இல்லை. எக்ஸை அமுக்கியதும் நடக்கிற வரிசையைப் பாருங்கள்: பிஃபோர்அப்டேட், ஆஃப்டர்அப்டேட், அன்லோட், டீஆக்டிவேட், க்ளோஸ். டேபிளோடு கட்டிய ஃபார்மில் அன்லோட் வருவதற்குள் சீட்டு சேமிக்கப்பட்டுவிடும். அங்கே போய் 'சேமிக்கவா?' என்று கேட்பது, பந்தி முடிந்து இலை எடுத்தபின் சாம்பார் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி. காவல் போட வேண்டிய இடம், சீட்டு சேமிக்கப்படுவதற்குச் சற்று முன் ஓடுகிற பிஃபோர்அப்டேட். லாரி நம்பர், மூட்டை, எடை, ஈரப்பதம் நான்கும் இருக்கிறதா என்று அங்கே பாருங்கள்; ஒன்று குறைந்தாலும் கேன்சல் ட்ரூ. அந்தப் பூலியனை இங்கே கலக்க வேண்டாம். அடுத்த சீட்டுக்கு நகரும்போதும் இதே நிகழ்வு ஓடும், அப்போது பொத்தானே அமுக்கியிருக்க மாட்டார். சீட்டு முழுமையா என்பது ஒன்றுதான் கேள்வி.

செய்தியைச் சுருக்கமாக வையுங்கள். பிசானம் அறுப்பு நேரத்தில் எடைமேடையில் லாரிகள் வரிசை கட்டி நிற்க, டிரைவர் ஹாரன் அடிக்க, அண்ணாச்சி மூன்று வரி படிப்பாரா? 'லாரி நம்பர் போடவில்லை' போதும்.

இப்படித் தடுத்தபின் எக்ஸை அமுக்கினால், 'இப்போது சேமிக்க முடியாது, ஆனாலும் மூடவா?' என்ற பொருளில் ஆக்சஸ் தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்கும். அது 2169 என்ற பிழை. அதோடு மல்லுக்கட்டுவதைவிட, ஃபார்மின் க்ளோஸ் பட்டன் பண்பை நோ ஆக்கிவிடுங்கள் என்பேன். ஆக்சஸையே மூட முடியும் என்பதால் அன்லோட் சோதனையும் இருக்கட்டும். அங்கே கேன்சல் செய்தால் ஆக்சஸும் மூடாமல் நிற்கும்.

உங்கள் 'சேமித்து மூடு' பொத்தானையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். ஃபார்மை மூடும் கட்டளையான டூகமாண்ட் க்ளோஸ் (DoCmd.Close) மட்டும் இருந்தால் ஆபத்து. கட்டாயக் கட்டம் காலியாக இருந்து சீட்டைச் சேமிக்க முடியாமல் போனால், அது மூச்சுவிடாமல் மூடிவிடும், சீட்டும் போய்விடும். அதற்கு முந்தின வரியில் மீ.டர்ட்டி = ஃபால்ஸ் (சீட்டை இப்போதே சேமி) என்று எழுதுங்கள்; தகராறு இருந்தால் அங்கேயே பிழை காட்டி நிற்கும். 'வேண்டாம்' பொத்தானில், அடித்ததை ரத்து செய்யும் மீ.அண்டூ. க்ளோஸோடு சேவ்நோ போட்டால் சீட்டு சேமிக்கப்படாது என்று நம்புகிறவர்கள் நிறைய. அது ஃபார்மின் வடிவமைப்பைப் பற்றியது, சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: அப்புறம் ஒன்று. நடுவில் கரண்ட் போனால்?

பதில்: மேலே சொன்ன எந்த நிகழ்வும் ஓடாது. டாஸ்க் மேனேஜரில் கொன்றாலும் அதே கதிதான். அடித்துக்கொண்டிருந்த சீட்டு டேபிளுக்குப் போயிருக்காது, மறுபடி அடிக்க வேண்டியதுதான். எப்போது இப்படி ஆனது என்று தெரிய ஒரு சின்ன டேபிள் வையுங்கள்: ஃபார்ம் திறக்கும்போது நேரம் ஒரு கட்டத்தில், க்ளோஸ் நிகழ்வில் மறு கட்டத்தில். இரண்டாவது காலியாக உள்ள வரி, ஒழுங்காக மூடப்படாத வேளை. அடுத்த முறை திறக்கும்போது அதைத் தேடி, 'கடைசிச் சீட்டைச் சரிபாருங்கள்' என்று காட்டலாம். ஆலை முதலாளியிடம் யுபிஎஸ் ஒன்றும் கேளுங்கள். தினமும் வேறு டிஸ்க்கில் ஃபைல் நகல் எடுப்பது உங்கள் பொறுப்பு, அதை அண்ணாச்சி தலையில் கட்டாதீர்கள்.