பெரிய இன நாய்க்குட்டிக்கு எந்த உலர் உணவு?

கேள்வி: தோட்டத்துக்கும் தொழுவத்துக்கும் காவலாக இருக்கட்டும் என்று ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்துள்ளேன். வயது எட்டு வாரம், எடை 5 கிலோ. தாய் நாய் 35 கிலோவுக்கு மேல் இருக்கும். உலர் உணவுப் பைகளைப் பார்த்தபோது ஒன்றில் புரதம் 24 விழுக்காடு என்றும் மற்றொன்றில் 32 விழுக்காடு என்றும் இருந்தது. அதிகமாக உள்ளதையே வாங்கலாமா? கோழிக்குஞ்சுத் தீவனத்திலும் புரதம் நிறைய உள்ளதே, அதைக் கொடுத்தால் என்ன? எலும்பு உறுதிப்பட, மாட்டுக்கு வாங்கி வைத்துள்ள கால்சியம் மருந்தையும் சேர்க்கலாமா?

பதில்: கடைசி இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான்: கூடவே கூடாது.

கோழிக்குஞ்சுத் தீவனம் பலவற்றில் இரத்தக்கழிச்சல் நோயைத் தடுப்பதற்காக மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலந்திருப்பார்கள். கோழிக்குப் பாதுகாப்பான அதே மருந்து நாயின் நரம்பையும் தசையையும் தாக்கி, கால்கள் வலுவிழந்து எழுந்து நிற்கவும் முடியாத நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். ஆகவே கொடுக்காமல் இருந்தால் மட்டும் போதாது. தீவன மூட்டையைக் குட்டி கிழித்துத் தின்னாதபடி எட்டாத இடத்தில் வைப்பதும் அவசியம்.

கால்சியம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வளர்ந்த நாயின் குடல், உடலுக்குத் தேவையான அளவு கால்சியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடும். ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் கைவந்திருக்காது. வந்ததில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ளும். இவ்வாறு மிகையாகச் சேரும் கால்சியம், குருத்தெலும்பு முறையாக எலும்பாக மாறுவதைக் குலைத்து, கால் கோணலையும் மூட்டு நோயையும் உண்டாக்குகிறது. எலும்பு உறுதிப்படட்டும் என்று ஊற்றும் மருந்தே எலும்பைக் கெடுத்துவிடும் என்பதுதான் இதில் உள்ள வேதனை. கால்சியம் மிகக் குறைந்தாலும் கேடுதான்: வெறும் இறைச்சியை மட்டும் தின்று வளரும் குட்டிக்கு, இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுந்தும் கால்சியம் குறைந்தும் இருப்பதால், எலும்பு மெலிந்து தானாகவே முறிவதுண்டு. முழுமையான குட்டி உணவு ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் கவலையில்லை. அதன் மேல் எந்தத் தாது உப்புக் கலவையும் சேர்க்க வேண்டியதில்லை.

இனி, பையைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். உலர் உணவு என்றதும் வைக்கோல் போன்ற உலர்தீவனத்தை நினைத்துவிட வேண்டாம். இது அடர்தீவனம் போன்றது, நாயின் ஒரு நாள் தேவை முழுவதையும் தானே நிறைவேற்ற வேண்டியது. எனவே பையின் முன்புறத்துப் படங்களை விட்டுவிட்டு, பின்புறத்தில் இந்த உணவு எந்தப் பருவத்துக்கானது என்று குறிப்பிட்டுள்ள வாசகத்தை முதலில் தேடுங்கள். ‘வளர்ச்சிப் பருவத்துக்கு முழுமையான, சமச்சீரான உணவு’ அல்லது ‘எல்லாப் பருவத்துக்கும் உரியது’ என்ற பொருளில் அது இருக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு மட்டும் என்றிருந்தால், எவ்வளவு புகழ்பெற்ற தயாரிப்பாக இருந்தாலும் அதை விட்டுவிடலாம்.

தங்கள் குட்டிக்கு இன்னொரு வரியும் தேவை. விலங்குணவுக்கான தரத்தை வரையறுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்த அளவுகோலின்படி, முழு வளர்ச்சியில் 70 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 32 கிலோவை எட்டும் நாய்கள் பெரிய இனமாகக் கருதப்படுகின்றன. தாயின் எடையை வைத்துப் பார்த்தால் தங்கள் குட்டியும் அந்த வகையில்தான் சேரும். இவற்றின் குட்டிகளுக்கான உணவில், ஈரம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.2 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 1.8 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மற்றக் குட்டிகளுக்கு 2.5 வரை அனுமதி உண்டு. ஆகவே ‘பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கும் ஏற்றது’ என்ற உறுதிமொழி உள்ள பையையே எடுங்கள். கால்சியத்தின் உச்ச அளவு அச்சிடப்படாமல் இருந்தால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். சொல்லத் தயங்கும் நிறுவனத்தின் உணவை நான் வாங்க மாட்டேன்.

புரதத்தைப் பொறுத்தவரை தாங்கள் கண்ட இரண்டு பைகளுமே தேறிவிடும். உலர் உணவில் சுமார் 10 விழுக்காடு ஈரம் இருக்கும் என்று கொண்டால், பையில் உள்ள 24 விழுக்காடு என்பது ஈரம் நீக்கிய கணக்கில் ஏறத்தாழ 26.7 ஆகிறது, குட்டிகளுக்கு ஆஃப்கோ வகுத்த குறைந்தபட்ச அளவு 22.5. புரதம் மிகுந்தால் எலும்பு கோணும் என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு, அது சரியன்று. ஆனால் புரதம் மிகுந்த உணவுகள் பலவற்றில் கொழுப்பும் கலோரியும் சேர்ந்தே மிகுந்திருப்பதால், கை சற்று தாராளமானாலும் குட்டி வேகமாகக் கொழுத்துவிடும். சேர்மானப் பட்டியலில் பச்சை இறைச்சி முதலில் இருப்பதைக் கண்டும் மயங்க வேண்டாம். பட்டியல் எடை வரிசையில் எழுதப்படுகிறது, பச்சை இறைச்சியில் பெரும்பகுதி தண்ணீர்தான். தானியம் இல்லாதது என்பதும் தனிச்சிறப்பு ஆகாது. நன்கு வேகவைத்த தானிய மாவை நாய் செரித்துக்கொள்ளும்.

வேளாண்மை செய்கிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் மனம் பழக வேண்டியிருக்கிறது. கறிக்கோழியோ ஆட்டுக்கிடாயோ விரைவில் எடை போட்டால் இலாபம் என்று கணக்குப் போட்டுப் பழகிவிட்டோம். பெரிய இன நாய்க்குட்டிக்கு அந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது: எலும்பு முற்றும் முன்பே உடல் கனத்தால் மூட்டுகள்தாம் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, எட்டாவது வாரம் முதல் ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவளித்து வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2002-இல் வெளியானது. குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது.

அளவு இவ்வாறு வரும். 5 கிலோ குட்டி ஓய்வாக இருக்கும்போது ஒரு நாளைக்குச் சுமார் 234 கிலோ கலோரி தேவை. நான்கு மாதம் வரை இதன் மூன்று மடங்கு, அதாவது ஏறத்தாழ 700. அதன் பிறகு, அப்போதைய எடைக்குக் கணக்கிட்டு, இரண்டு மடங்கு. ஒரு கிலோ உணவில் 3,500 கிலோ கலோரி உள்ளது என்றால் இப்போதைக்கு நாளொன்றுக்கு 200 கிராம் போதும். அதை நான்கு வேளையாக, வேளைக்கு 50 கிராம் வீதம், தராசில் நிறுத்தே போடுங்கள். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. வாரம் ஒருமுறை விலாவைத் தடவிப் பாருங்கள்: எலும்புகள் எளிதாகக் கையில் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. தட்டுப்படாவிட்டால் உணவைக் குறையுங்கள். உடல் மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் இருந்தால், உணவைக் கூட்டுவதற்கு முன் குடற்புழு நீக்கம் செய்யுங்கள்.

குட்டி முன்பு தின்றுவந்த உணவை ஒரே நாளில் நிறுத்தாமல், ஏழு முதல் பத்து நாள்களில் புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி மாற்றுங்கள். மெல்லச் சிரமப்பட்டால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். ஊறியதை நெடுநேரம் வைத்திருக்க வேண்டாம். பால் பலவற்றுக்குக் கழிச்சலை உண்டாக்கும் என்பதால் குடிக்கத் தண்ணீரே போதும்.

விலை குறைகிறது என்பதற்காகப் பெரிய மூட்டை வாங்குவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. இப்போதைய அளவில் மாதத்துக்கு 6 கிலோதான் செலவாகும்; குட்டியின் எடை கூடக்கூட இதுவும் கூடும். திறந்த பையில் கொழுப்பு சிக்குப் பிடிக்கும். ஈரம் புகுந்தால் பூசணம் படரும். மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் நாம் அஞ்சும் அதே பூசண நச்சான அஃப்ளாடாக்சின் நாயின் கல்லீரலையும் கடுமையாகத் தாக்கும். உணவை அதன் பையிலேயே வாய்மடித்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள்; டிரம்மில் வைப்பதானால் பையோடு வையுங்கள். நாற்றம் மாறியதைக் குப்பையில் கொட்டுங்கள், கோழிக்கும் போட வேண்டாம்.

இந்த அளவுள்ள நாய்கள் 12 முதல் 18 மாதத்துக்குள் முழு வளர்ச்சி பெறும். அதுவரை குட்டி உணவையே தொடருங்கள். இதற்கிடையில் வாந்தியோடு இரத்தம் கலந்த கழிச்சல் கண்டால், உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி மற்றொரு பை வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோயாக இருக்கக்கூடும் என்பதால், அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.