அறுத்த சுறாத் துடுப்பு மறுபடி முளைக்குமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் இரவிபுத்தன்துறை. என் கணவர் கொச்சி தோப்பும்படியில் தங்கி, தூண்டில் போடும் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். படகுக்கு முன்பணம் கொடுத்திருக்கும் தரகர், "சுறாவின் பீலியை (துடுப்பை) மட்டும் அறுத்துக்கொண்டு மீனைக் கடலிலேயே விட்டுவிடுங்கள், ஐஸ் அறையில் இடம் மிச்சமாகும். மீன் சாகாது, பீலி மறுபடி முளைத்துவிடும்" என்கிறார். வெளிநாட்டு விஞ்ஞானிகள் எடுத்தது என்று கைப்பேசியில் படமும் காட்டினார். கேரளத்தில் இதற்குத் தடை இல்லை, தன்னிடம் உரிமம் இருக்கிறது என்கிறார். போன முறை முழுதாகக் கரைக்குக் கொண்டுவந்த இரண்டு சுறாக்களிலிருந்து அறுத்த எட்டுத் துண்டுகள் எங்கள் மாடியில் காய்கின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் சொல்வதை நம்பலாமா?

பதில்: நம்பக்கூடாது, சகோதரி. அப்படி அறுத்த துடுப்பு முளைக்காது, அறுபட்ட சுறாவும் பிழைக்காது. தமிழ்நாட்டு எல்லையிலுள்ள நீரோடியைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும் என்பதும் பொய். அவர் காட்டிய படம் மட்டும் உண்மையாக இருக்கக்கூடும். உங்கள் கணவரைப் போன்ற நல்லவர்கள் ஏமாறுவது அந்த இடத்தில்தான் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் துடுப்பு எதற்கு என்று பார்ப்போம். படகு வலிக்கும் துடுப்புக்கும் மீனின் துடுப்புக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதால், எல்லாத் துடுப்பும் தண்ணீரைத் தள்ளுவதற்குத்தான் என்று நினைத்துவிடுகிறோம். சுறாவை முன்னே செலுத்துவது வால். படகுக்கு இன்ஜின் எப்படியோ அப்படி. முதுகில் நிமிர்ந்து நிற்கும் துடுப்பு, படகின் அடிக்கட்டையான ஏரா செய்கிற வேலையைச் செய்கிறது. உடம்பு பக்கவாட்டில் உருண்டுவிடாமல் பிடித்து வைக்கிறது. மார்பின் இரு பக்கமும் விரிந்திருப்பவை பறவையின் இறக்கை போன்றவை. அவற்றின் சாய்வை மாற்றித்தான் சுறா மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது, திரும்புகிறது. சாளையும் அயிலையும் துடுப்பை மடக்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சுறாவால் அது முடியாது. விறைத்து நிற்கும் துடுப்புகளோடு அது முன்னோக்கித்தான் போக முடியும்.

கூறல் மீனின் வயிற்றிலிருந்து நெட்டி எடுத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றுப்பை, அந்த மீனை மிதக்க வைப்பது அதுதான். சுறாவுக்கு நெட்டி கிடையாது. அதன் பெரிய ஈரலில் இருக்கும் எண்ணெய் ஓரளவு தாங்கும், ஆனால் போதாது. நீந்துவதை நிறுத்தினால் சுறா கீழே இறங்கிக்கொண்டே போகும். மூச்சும் அப்படித்தான். மற்ற மீன்கள் செவுள் மூடியைத் திறந்து மூடித் தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. உங்கள் ஊர்ப் படகுகளின், பல கொக்கிகள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலில் ஏறும் ஆழ்கடல் சுறாக்களுக்குச் செவுள் மூடி இல்லை. பக்கத்துக்கு ஐந்து பிளவுகள்தான் உண்டு. வாயைத் திறந்தபடி முன்னே நீந்தினால்தான் தண்ணீர் அந்தப் பிளவுகள் வழியாக ஓடும், மூச்சு கிடைக்கும். வாலையும் மார்புத் துடுப்புகளையும் அறுத்துக் கடலில் போட்ட சுறா நீந்தாது. உருண்டு உருண்டு அடியில் போய், உயிரோடு கிடந்து மூச்சு முட்டிச் சாகும். அதற்கு முன்பே வேறு மீன்கள் கடித்துத் தின்னத் தொடங்கினாலும் அதனால் விலக முடியாது. "மீன் சாகாது" என்று சொல்கிறவர் அதைப் படகிலிருந்து எட்டிப் பார்த்திருக்க மாட்டார். அவர் கடலுக்கே போவதில்லை.

இனி அந்தப் படம். அமெரிக்காவின் புளோரிடா கடலில் 2022-ஆம் ஆண்டு ஒரு சுறாவின் முதுகுத் துடுப்பில் ஆராய்ச்சிக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். வழவழப்பான தோலால் பட்டுச்சுறா என்று பெயர் பெற்ற இனம் அது. நம் படகுகளிலும் ஏராளமாக ஏறுகிறது. யாரோ அந்தக் கருவியைத் துடுப்போடு சேர்த்து அறுத்துவிட்டார்கள். போனது முதுகுத் துடுப்பின் ஐந்தில் ஒரு பங்கு. 332 நாள் கழித்து அதே சுறாவை மறுபடி பார்த்தபோது காயம் ஆறி, துடுப்பு பழைய அளவில் 87 சதவீதத்துக்கு வளர்ந்திருந்தது. இது உண்மை. விஞ்ஞானிகளே வியந்து எழுதினார்கள், ஏனென்றால் அப்படி நடப்பது அவ்வளவு அரிது.

ஆனால் அந்தச் சுறாவிடம் என்னென்ன மிச்சம் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். வால் முழுதாக இருந்தது. மார்புத் துடுப்புகள் இரண்டும் இருந்தன. முதுகுத் துடுப்பிலும் ஐந்தில் நான்கு பங்கு அடியோடு ஒட்டி இருந்தது. போனது ஏராவில் ஒரு துண்டு. இன்ஜினும் இறக்கையும் அப்படியே. அதனால் அது நீந்தியது, மூச்சு விட்டது, இரை பிடித்தது, காயம் ஆற அவகாசம் கிடைத்தது. தரகர் கேட்பது துண்டு அல்ல. அவருக்கு ஒரு மீனிலிருந்து நான்கும் வேண்டும்: முதுகுத் துடுப்பு, மார்புத் துடுப்புகள் இரண்டு, வாலின் கீழ்க்கிளை. எல்லாம் அடியோடு. அப்படி அறுத்த எந்தச் சுறாவும் நான்கு துடுப்பும் முளைத்துத் திரும்பியதை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வண்ண மீனின் வால் நுனி கிழிந்தால் சில வாரங்களில் வளர்ந்துவிடும், குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அவை முள் உள்ள மீன்கள். துடுப்பின் அமைப்பே வேறு. சுறாவுக்கு எலும்பு கிடையாது, குருத்துதான். வண்ண மீனைக் காட்டிச் சுறாவைப் பற்றி நம்ப வைப்பது பழைய வித்தை.

கரையில் அடுத்த முறை ஒரு சுறா கிடந்தால் அதன் வாலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்கிளை நீளமாக, கட்டையாக இருக்கும். முதுகுத்தண்டு அதற்குள்ளேயே ஓடி முடிகிறது. கீழ்க்கிளையை வளைத்தால் வளையும். அதற்குள் தண்டு இல்லை. கீறிப் பார்த்தால் வெளிறிய சேமியா போல நார்கள் அடுக்கி வைத்திருக்கும். சீனச் சூப்புக்காக விலை கொடுப்பது அந்த நாருக்குத்தான். நாருக்குச் சொந்தமாக ருசிகூடக் கிடையாது. ருசி எல்லாம் அதோடு சேர்க்கும் கோழிச் சாற்றுக்கு. இதற்காக ஒரு மீனைக் கடலடியில் உருள விடுகிறார்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். 2013 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், சுறாவைத் துடுப்புகள் உடம்போடு ஒட்டியபடியே கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2015 பிப்ரவரியில் மத்திய வணிக அமைச்சகம் எல்லா இனச் சுறாவின் துடுப்பையும் ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. இரண்டும் மத்திய அரசின் உத்தரவுகள். தேங்காய்ப்பட்டணத்தில் எதுவோ தோப்பும்படியிலும் அதுவே. எல்லையில் வாழ்கிறவர்களிடம் இந்தப் பொய்யைச் சொல்வது எளிது. தமிழ்நாட்டில் கேட்டால் கேரளத்தில் செல்லும் என்பார்கள், கேரளத்தில் கேட்டால் தமிழ்நாட்டில் செல்லும் என்பார்கள்.

அவர் "உரிமம்" என்று காட்டுவது பெரும்பாலும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணாகத்தான் இருக்கும். இணையத்தில் 500 ரூபாய் கட்டினால் யாருக்கும் கிடைப்பது அது. மிளகாய்ப் பொடி அனுப்புகிறவரிடமும் இருக்கும். தடை செய்த பொருளை அனுப்ப அது அனுமதி ஆகாது. ஏற்றுமதிக்கே தடை இருக்கும்போது சுறாத் துடுப்புக்கு அவர் விலை கொடுக்கிறார் என்றால், அது எந்த வழியாக வெளியே போகிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கருவாட்டு மூட்டைக்குள் வைத்து அனுப்புவார்கள். பிடிபட்டால் சரக்கு யாருடையது என்று கேட்பார்கள். அப்போது தரகர் உங்கள் கணவரின் கையெழுத்துள்ள தாளை எடுத்து நீட்டுவார். ஆகவே வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். படகின் பதிவுச் சான்றின் நகல், ஆதார் நகல் எதையும் கொடுக்க வேண்டாம். முன்பணத்துக்குத் தேதியும் தொகையும் எழுதிய கணக்கு இரண்டு பேரிடமும் இருக்க வேண்டும். முன்பணம் வாங்கினோம் என்பதற்காகச் சட்டத்துக்குப் புறம்பானதைச் செய்து கொடுக்கும் கடமை யாருக்கும் இல்லை. 2018–19 முதல் கிசான் கடன் அட்டை மீனவர்களுக்கும் உண்டு. வங்கியில் தட்டிக்கழித்தால் மறுபடி போய்க் கேளுங்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. "இது சுறா இல்லை, உழுவை, தடை சுறாவுக்குத்தான்" என்பார்கள். உழுவை திருக்கையின் உறவு என்பது சரி. ஆனால் பெரிய உழுவை 2001 முதலே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ரம்பம் போன்ற மூக்குள்ள வேளாவும் திமிங்கலச் சுறாவும் அப்படியே. முதல் அட்டவணை மீனென்றால் தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. இவை உயிரோடு ஏறினால் தூண்டில் கயிற்றை அறுத்துவிடச் சொல்லுங்கள்.

மீனவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2001 ஜூலையில் சுறா, திருக்கை அத்தனைக்கும் தடை என்றார்கள். டிசம்பரில் பத்து இனங்களாகக் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் திருத்திய சட்டம் நடைமுறைக்கு வந்து அட்டவணைகள் மறுபடி மாறின. இதையெல்லாம் யார் வந்து தூத்தூரிலும் வல்லவிளையிலும் உட்கார்ந்து சொன்னார்கள்? நான் பார்த்த ஒரு துறைமுகத்து அறிவிப்புப் பலகையில் இனப் பெயர்கள் எல்லாம் லத்தீனில் இருந்தன, படம் ஒன்றுகூட இல்லை. ஊர்ப் பெயரும் படமும் சேர்த்து அச்சிடுங்கள் என்று ஓர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஆண்டுகள் ஆகின்றன, பதிலே வரவில்லை. மீன்வளத்துறை, வனத்துறை, சுங்கத்துறை, கடலோரக் காவல் என்று நான்கு பேர் பிடிக்க இருக்கிறார்கள், விளக்க ஒருவர் இல்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் ஆசிரியராகி விடுகிறார்.

மாடியில் இருக்கும் எட்டுத் துண்டுகளுக்கு வருகிறேன். மீன்களை முழுதாகக் கரைக்குக் கொண்டுவந்து ஏலத்தில் எடை போட்ட பிறகு அறுத்தவை என்றால், கடலில் அறுத்த குற்றம் உங்கள் கணவர் மேல் வராது. அந்த ஏலச் சீட்டு இருந்தால் பத்திரமாக வையுங்கள். அடுத்து எந்த இனம் என்று தெரிய வேண்டும். முதுகுத் துடுப்பு இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நுனி அகலமாக வட்டமாக இருந்து வெள்ளை படர்ந்திருந்தால் அது வெள்ளைநுனிச் சுறா. அகலம் குறைந்து மிக உயரமாக அரிவாள் போல நின்றால் சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாவாக இருக்கலாம். இரண்டும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க 2013-இல் முடிவான இனங்கள். அப்படித் தெரிந்தால், எங்கும் நகர்த்தாமல், கணவர் வந்ததும் ஏலச் சீட்டோடும் ஊர் மீனவர் சங்கப் பொறுப்பாளர் ஒருவரோடும் மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய்க் காட்டுங்கள். நிறம் ஒரே சீராகப் பழுப்பாக இருந்தாலும் ஒருமுறை அங்கே காட்டிவிடுவது நல்லது. எந்த இனமானாலும் தரகர் கையில் மட்டும் கொடுக்காதீர்கள், நாளைக்கே இரட்டை விலை சொன்னாலும்.