18ஆம் நூற்றாண்டுல, இங்கிலாந்தோட கார்ன்வால் பகுதி சுரங்க ஊர்ல குடும்பப் பகை ஏன் அவ்ளோ ஈசியா வந்துச்சு?

காரணம் புரியணும்னா ‘டிரிபியூட்’ முறை தெரியணும். அதாவது கூலி கிடையாது, வெட்டி எடுக்கற தாதோட மதிப்புல ஒரு பங்குதான் சம்பளம். சுரங்கத்துல ஒவ்வொரு இடத்தையும் பொதுவுல ஏலம் விடுவாங்க, ஆனா விலை ஏறாது, இறங்கும், யார் கம்மி பங்குக்கு ஒத்துக்கறாங்களோ அவங்களுக்குத்தான் இடம். கான்ட்ராக்ட் டெண்டர் மாதிரின்னு வெச்சுக்கோங்க, ஆனா எதிர்ல கேக்கறவன் உங்க பக்கத்து வீட்டுக்காரன்!

அப்பா, மகன், அண்ணன் தம்பின்னு குடும்பமாவே சேர்ந்து குழு போடுவாங்க, அதனால ஏலத்துல தோத்தா ஒரு ஆளுக்கு இல்ல, மொத்த வீட்டு அடுப்புக்கும் அடி. அந்தக் கோபம் வீடு வரைக்கும் வர்றது எனக்கு ஆச்சரியமாவே படல.

இதுக்கு நடுவுல இப்படிப் பகையான ரெண்டு வீட்டுப் பசங்க காதலிச்சா? பொண்ணுங்களும் சுரங்க வாசல்லயே தாது உடைக்கற வேலை பாத்தாங்க, தினமும் பாத்துப்பாங்க. ஆனா 1753 திருமணச் சட்டத்துக்கு அப்புறம் 21 வயசுக்குக் கீழன்னா அப்பா கல்யாணத்தையே தடுத்துட முடியும், பாவம்.

இன்னொண்ணு, இங்கிலாந்து சுரங்கம்னாலே நிலக்கரின்னு நெனைக்காதீங்க, கார்ன்வால்ல தோண்டினது வெள்ளீயமும் செம்பும்.