ட்ரூபல் (இணையதளம் அமைக்கும் மென்பொருள்) மாட்யூலில், அதாவது அதற்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரலில், நிறுவல் தேவைகளையும் நிலை அறிக்கையையும் (தளத்தின் நிலையைக் காட்டும் நிர்வாகப் பக்கம்) ஒரே ஃபங்ஷனில் சரிபார்க்கலாமா? அப்படி எழுதிய என் ஃபங்ஷனால் நிறுவல் "கிளாஸ் கிடைக்கவில்லை" என்று பாதியில் விழுகிறது.

சரிபார்க்கலாம். இன்ஸ்டால் கோப்பிலுள்ள ரெக்வயர்மென்ட்ஸ் ஹுக் (குறித்த வேளைகளில் ட்ரூபல் தானாக அழைக்கும் ஃபங்ஷன்) அதற்காகவே இருக்கிறது. ஆனால் ட்ரூபல் அதை மூன்று கட்டங்களில் அழைக்கிறது: மாட்யூலை நிறுவும்போது, அப்டேட் ஓடும்போது, பிறகு நிலை அறிக்கைப் பக்கத்துக்காக (இது இயங்கு கட்டம்). எந்தக் கட்டம் என்பதை ஃபேஸ் என்ற மாறி சொல்லும். உங்கள் ஃபங்ஷன் அதைப் பார்க்காமலேயே ஜிடி எக்ஸ்டென்ஷன் (படங்களைக் கையாளும் பிஎச்பி இணைப்பு) இருக்கிறதா, ஏபிஐ சாவி (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தேவையான ரகசியக் குறியீடு) நிரப்பப்பட்டிருக்கிறதா, வெளிச் சேவை பதில் தருகிறதா என்ற மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிறது. "கிளாஸ் கிடைக்கவில்லை" என்று நிறுவல் பாதியில் விழுவது இதனால்தான். நிறுவல் கட்டத்தில் உங்கள் மாட்யூல் இன்னும் தளத்தின் உறுப்பினரே அல்ல. அதன் சர்வீஸ்கள், கிளாஸ்கள் என்ற நிரல் பகுதிகள் ட்ரூபலுக்குத் தெரியாது. இன்ஸ்டலேஷன் புரொஃபைல் (தளத்தை முதலில் அமைக்கும் தொகுப்பு) வழியாகத் தளமே புதிதாக அமைக்கப்படும் வேளையிலும் இந்த ஹுக் அழைக்கப்படலாம். அப்போது ட்ரூபலின் முழு ஏபிஐயும் (நிரலிலிருந்து அழைக்கக்கூடிய வசதிகள்) கையில் இருக்காது. ஆகவே அந்தக் கட்டத்தில் ட்ரூபல் எழுதப்பட்ட மொழியான வெறும் பிஎச்பியில் கேட்கக்கூடியதை மட்டும் கேளுங்கள்.

மூன்றில் ஜிடி மட்டுமே நிறுவலைத் தடுக்கத் தகுந்த காரணம். ஏபிஐ சாவியை அங்கே கேட்பது எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம். சாவியை நிரப்பும் அமைப்புப் பக்கமே மாட்யூல் நிறுவப்பட்ட பிறகுதான் வரும். வீட்டுக்குள் இருக்கும் சாவியைக் காட்டினால்தான் கதவைத் திறப்பேன் என்பது போன்ற நிபந்தனை இது. தானியங்கி முறையில் தளத்தை எழுப்பிச் சோதிப்பவர்களுக்கும் இது தேவையற்ற முட்டுக்கட்டை. சாவி இல்லையென்றால் நிலை அறிக்கையில் எச்சரிக்கையாகச் சொன்னால் போதும்.

நிறுவல் கட்டத்தில் "பிழை" என்ற தீவிரநிலை மட்டுமே நிறுவலை நிறுத்தும். எச்சரிக்கை, தகவல் ஆகியவற்றுக்கு அங்கே எந்த விளைவும் கிடையாது. வேறு மாட்யூல் தேவை என்பதையும் இங்கே எழுத வேண்டாம். அது மாட்யூலை விவரிக்கும் இன்ஃபோ கோப்பின் டிபென்டன்சிஸ் (சார்புகள்) பகுதிக்கு உரியது. ட்ரூபலின் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதும் அதே கோப்பில்தான்.

வெளிச் சேவையின் நிலைக்கு வருகிறேன். நிலை அறிக்கையில் அதைக் காட்ட நினைப்பது நியாயமே. ஆனால் நேரடியாக எச்டிடிபி கோரிக்கை அனுப்பாதீர்கள். இந்தச் சோதனைகள் நிலை அறிக்கையைத் திறக்கும்போது மட்டும் ஓடுவதில்லை. நிர்வாகப் பகுதியின் கான்ஃபிகரேஷன் முகப்பைத் திறந்தாலும், எங்காவது பிழை உண்டா என்று அறிய எல்லா மாட்யூல்களின் சோதனைகளும் ஓடுகின்றன. அந்தச் சேவை பதிலளிக்கத் தாமதித்தால் சம்பந்தமே இல்லாத பக்கம் உறைந்து நிற்கும், யாருக்கும் காரணம் புரியாது. கிரானில் (குறித்த இடைவெளியில் தானாக ஓடும் பணி) சேவையைத் தொட்டுப் பார்த்து, விடையையும் நேரத்தையும் ஸ்டேட்டில் (ட்ரூபலின் சிறு தகவல் சேமிப்பிடம்) எழுதி வையுங்கள். ஹுக் அதைப் படித்துக் காட்டினால் போதும். கடைசியாகச் சோதித்த நேரத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். கிரானே நின்றுபோயிருந்தால் பழைய "சரி" யாரையும் ஏமாற்றக் கூடாது.

இன்னொரு பொறி, கட்டளை வரி. ட்ரஷ் (ட்ரூபலைக் கட்டளை வரியிலிருந்து இயக்கும் கருவி) மூலம் நிறுவும்போது ஓடுவது கட்டளை வரியின் பிஎச்பி. பார்வையாளருக்குப் பக்கம் தருவது வெப் சர்வரின் பிஎச்பி. இரண்டுக்கும் வேறு பதிப்பு, வேறு எக்ஸ்டென்ஷன்கள், வேறு நினைவக வரம்பு இருக்கலாம். ஜிடி முதலாவதில் மட்டும் இருந்து, இரண்டாவதில் இல்லாமல் போனால் நிறுவல் இனிதே முடியும், படங்கள் மட்டும் வராது. கம்போசர் (பிஎச்பி தொகுப்புகளை நிறுவும் கருவி) கோப்பில் எக்ஸ்டென்ஷனைக் குறிப்பிடுவது நல்லது என்றாலும், அதுவும் கம்போசர் ஓடும் கணினியை மட்டுமே பார்க்கும். எனவே ஜிடி சோதனையை நிறுவல் கட்டத்தோடு விடாமல் இயங்கு கட்டத்திலும் வையுங்கள். சர்வர் மாற்றப்பட்டால் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

விளக்க வரியில் "ஜிடி இல்லை" என்று முடிக்காமல், அதனால் எந்த வசதி வேலை செய்யாது, எதை இயக்க வேண்டும் என்று எழுதுங்கள். சாவி பற்றிய எச்சரிக்கையில் அமைப்புப் பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள். ஹுக் திருப்பித் தரும் அணியில் ஒவ்வொரு சோதனைக்கும் இடும் விசையின் (கீ) பெயரை மாட்யூல் பெயரில் தொடங்குங்கள். எல்லா மாட்யூல்களின் விடைகளும் ஒரே அணியில் சேர்வதால் பொதுப் பெயர்கள் மோதிக்கொள்ளும்.

ட்ரூபல் 11.2 முதல் இந்த மூன்று கட்டங்களையும் தனித்தனியாக எழுத முடிகிறது: இயங்கு கட்டத்துக்கும் அப்டேட்டுக்கும் தனி ஹுக்குகள், நிறுவலுக்குத் தனி கிளாஸ். தீவிரநிலைகளும் பழைய மாறிலிகளிலிருந்து பிஎச்பியின் enum (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) வகைக்கு மாறியுள்ளன. புதிய பதிப்புகளுக்கு மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் நேராக அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரூபல் 10 தளங்களும் உங்கள் மாட்யூலைப் பயன்படுத்தும் என்றால் பழைய ஹுக்கை வைத்துக்கொண்டு, ஃபேஸ் மாறியைப் பார்த்துப் பிரியுங்கள்.