போர் இல்லாத காலத்தில் பெரிய இராணுவம் எப்படித் தயாராக இருக்கிறது?

2009இல் போர் முடிந்தும் வன்னி இராணுவ முகாம்களில் இத்தனை சிப்பாய்கள் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொதுவாகப் பெரிய இராணுவங்கள் முழுப் படையையும் எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருப்பதில்லை; கட்டுப்படியாகாது. சோவியத் இராணுவத்தில் சில டிவிசன்களே (பெரும் படைப்பிரிவுகள்) முழு ஆட்பலத்துடன் இருந்தன. மற்றவற்றில் குறைந்த ஆட்களும் களஞ்சியத்தில் டாங்கிகளும்தான். அழைப்பு வந்தால் பழைய சிப்பாய்கள் வந்து நிரப்ப வேண்டும்.

ஆளைவிட இரும்புதான் பெரிய தலையிடி. காலபோகம் முடிந்து கொட்டிலில் நின்ற உழவு இயந்திரத்தை அடுத்த மழைக்கு இயக்கிப் பாருங்கள்: பற்றரி செத்திருக்கும், டீசல் குழாயை எலி கடித்திருக்கும். டாங்கிக்கும் அதே கதிதான். அதனால்தான் அடிக்கடி ஒத்திகை.

ஆனால் இலங்கையில் நிரந்தரப் படையே பெரிது. அதை 2030க்குள் 100,000ஆகக் குறைப்பதாகப் பாதுகாப்பு அமைச்சு 2023 ஜனவரியில் அறிவித்தது.